வெள்ளித் துகளுக்கு மூலை எப்படி வருகிறது? பாலிமரும் நானோ வடிவமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். எம்.எஸ்சி. புராஜெக்ட் தொடங்கும் மாதங்களில் பிள்ளைகள் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். வரிசை முன்பின்னாக இருக்கும்.

நானோ துகள் என்றாலே உருண்டைதானே? அதற்கு என்ன வடிவம்?

புத்தளம் உப்பளத்தில் ஒரு பிடி கல்லுப்பு எடுத்துக் கையில் பரப்பிப் பாருங்கள். உடையாத கல் ஒன்று கிடைத்தால் அது சதுரப் பெட்டியாக இருக்கும். யாரும் செதுக்கவில்லை. உள்ளே சோடியமும் குளோரினும் அடுக்கி நிற்கும் ஒழுங்கு வெளியே முகமாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

உலோகமும் படிகம்தான். வெள்ளி, தங்கம், பிளாட்டினம், பலேடியம் எல்லாமே பன்னிரண்டாம் வகுப்பில் படித்த முகப்பு மைய கனசதுர அடுக்கு, அதாவது கனசதுரத்தின் மூலைகளிலும் ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் ஓர் அணு. ஆகவே அவற்றின் துகளுக்கும் முகம், விளிம்பு, மூலை எல்லாம் வரலாம். கனசதுரம், எண்முகி, ஐங்கோணக் கம்பி, முக்கோணத் தகடு என்று பல வடிவங்களில் செய்திருக்கிறார்கள். அவசரமாகச் செய்தால்தான் உருண்டை போல ஏதோ ஒன்று கிடைக்கிறது.

அளவு மனசில் பதிய ஒரு கணக்கு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு நானோமீட்டர். 50 நானோமீட்டர் பக்கமுள்ள வெள்ளிக் கனசதுரத்தில் சுமார் 73 லட்சம் அணுக்கள் இருக்கும். வெள்ளியின் அலகுக்கூடு, அதாவது திரும்பத் திரும்ப அடுக்கப்படும் மிகச் சிறிய பெட்டி, பக்கத்துக்கு 0.409 நானோமீட்டர், ஒரு கூட்டுக்கு 4 அணு. நீங்களே போட்டுப் பாருங்கள்.

பாலிமர் ஓர் அச்சு மாதிரியா? இட்லித் தட்டில் மாவு ஊற்றுவது போலவா?

துகள் வளரும் கரைசலில் பாலிமர், அதாவது ஒரே அலகைத் திரும்பத் திரும்பக் கோத்த நீளச் சங்கிலி மூலக்கூறு, ஒன்றைச் சேர்ப்போம். அது அச்சா என்றால், இல்லை. அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். அச்சுக்குள் ஊற்றும் முறை வேறு உண்டு. நாம் பேசுவது அதுவல்ல. இங்கே பாலிமர் துகளைச் சுற்றி நின்று எந்த வடிவத்தையும் திணிப்பதில்லை. சில முகங்களில் போய் ஒட்டிக்கொண்டு அங்கே புதிய அணு வந்து சேருவதைத் தாமதப்படுத்துகிறது. வடிவம் அந்தத் தாமதத்திலிருந்து பிறக்கிறது.

எப்படி என்று கேட்டால் சுசீந்திரம் கோபுரத்தைத்தான் காட்டுவேன். ஏழு நிலை. ஒவ்வொரு நிலையும் அடியில் உள்ளதைவிடச் சிறியது. மேல் நோக்கி வேகமாகக் கட்டக் கட்ட, உச்சியின் பரப்பு குறைந்துகொண்டே போகிறது. தெருவில் நின்று பார்ப்பவன் கண்ணுக்கு உச்சித் தளம் தெரிவதே இல்லை. சரிந்த பக்கங்கள்தான் தெரிகின்றன. படிகத்திலும் அதே கதை. எந்த முகத்தில் அணுக்கள் வேகமாகச் சேர்கின்றனவோ அந்த முகம் தன்னைத் தானே சுருக்கிக்கொண்டு கடைசியில் மறைந்துவிடும். மெதுவாக வளரும் முகம்தான் மிஞ்சி நிற்கும்.

வெள்ளியில் முக்கியமாக இரண்டு வகை முகம். 100, 111 என்பவை எண்ணிக்கை அல்ல, படிகத்தின் முகங்களுக்கு வைத்த பெயர்கள். 100 முகத்தில் அணுக்கள் சதுரக் கட்டமாக நிற்கும். 111 முகத்தில் தேன்கூடு போல நெருக்கமாக முக்கோண ஒழுங்கில் நிற்கும். 100 முகத்தின் வளர்ச்சியை முடக்கினால் ஆறு சதுரம், அதாவது கனசதுரம். 111 முகத்தை முடக்கினால் எட்டு முக்கோணம், எண்முகி. ஒன்றும் சேர்க்காமல் விட்டால் 111 முகம்தான் ஆற்றல் குறைந்தது, அதனால் அதுவே கூடுதலாகத் தெரியும்.

இது நானோ காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். 1783-லேயே ரோமே தெ லீல் என்ற பிரெஞ்சுக்காரர், சிறுநீரில் உப்பைக் கரைத்துப் படிகமாக்கினால் கனசதுரத்துக்குப் பதில் எண்முகி வருவதைப் பதிவு செய்தார். அதில் உள்ள யூரியா உப்பின் 111 முகத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதே உப்பு, பக்கத்தில் நிற்பவர் மாறியதும் முகம் மாறிவிட்டது. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள்.

எல்லாக் கட்டுரையிலும் பி.வி.பி. என்றே வருகிறதே, அது என்ன?

பாலிவினைல்பைரோலிடோன். உங்கள் வீட்டில் இருக்கும். காயத்துக்குப் போடும் பீட்டாடின் மருந்தின் 'போவிடோன் அயோடின்' என்ற பெயரில் உள்ள போவிடோன் இதுதான். மாத்திரையைப் பொடியாகாமல் கட்டிப் பிடிக்கவும் இதைச் சேர்ப்பார்கள். மாத்திரை அட்டையில் சேர்மானம் அச்சிட்டிருந்தால் தேடிப் பாருங்கள். 1930-களின் இறுதியில் ஜெர்மனியில் வால்டர் ரெப்பே உருவாக்கியது.

அமைப்பு எளிது. நீளமான கார்பன் முதுகெலும்பு. ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் ஓர் ஐந்தணு வளையம் தொங்கும். அந்த வளையத்தில் ஒரு கார்பனைல் ஆக்சிஜன் நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஆக்சிஜன்தான் வெள்ளியைத் தொடும் கை. ஒரு கையின் பிடி லேசானது. ஆனால் 55,000 மூலக்கூறு எடை உள்ள சங்கிலியில் ஏறத்தாழ 500 வளையங்கள். மழைக்காலத்தில் சுவரில் ஊரும் மரவட்டை நான்கு காலைத் தூக்கினாலும் கீழே விழுகிறதா? அது போலத்தான்.

100 முகத்தில் இதன் பிடி 111 முகத்தைவிடக் கொஞ்சம் வலுவானது. ஒரு வளையத்துக்கு அந்த வித்தியாசம் மிகச் சிறிது. நூற்றுக்கணக்கில் கூட்டும்போது பெரிதாகிறது. தனி பைரோலிடோன் மூலக்கூறைப் போட்டால் இந்த வேலை நடக்காததற்கும், சங்கிலியாகக் கோத்ததும் நடப்பதற்கும் இதை ஒரு முக்கியக் காரணமாகச் சொல்வார்கள்.

முதலில் செய்து காட்டியது யார்?

பாலிமரைக் கொண்டு உலோகத் துகளின் வடிவத்தை மாற்றலாம் என்று எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது 1996-ல் முஸ்தஃபா எல்-சயத் குழு. உலோகம் பிளாட்டினம், பாலிமர் சோடியம் பாலிஅக்ரிலேட். குழந்தைகளின் டயப்பருக்குள் ஈரத்தை உறிஞ்சும் பொடிக்கு இது நெருங்கிய சொந்தம். ஹைட்ரஜன் வாயுவால் ஒடுக்கினார்கள், அதாவது உலோக அயனிக்கு எலக்ட்ரான் கொடுத்து உலோகமாக்கினார்கள். பாலிமரும் பிளாட்டினமும் ஒன்றுக்கு ஒன்று என்றபோது பெரும்பாலும் கனசதுரம். ஐந்துக்கு ஒன்று என்றபோது பெரும்பாலும் நான்முகி. மாற்றியது பொருளை அல்ல, விகிதத்தை மட்டும். 2002-ல் யுகாங் சுன், யூனான் சியா இருவரும் பி.வி.பி. வைத்து ஒரே அளவான வெள்ளிக் கனசதுரங்களைச் செய்தார்கள். இன்று நீங்கள் புராஜெக்டில் செய்வது அதன் பேரன் பேத்திகள்.

செய்முறையில் உண்மையில் என்ன நடக்கிறது?

எத்திலீன் கிளைக்காலை எண்ணெய்த் தொட்டியில் வைத்து 150, 160 டிகிரிக்குச் சூடாக்குவோம். கார் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டின் முக்கியப் பொருள் இதுதான். கொதிநிலை 197 டிகிரி என்பதால் அந்தச் சூட்டிலும் கொதிக்காது. வாயில் பட்டால் நஞ்சு. காற்று பட்டுச் சூடாகும்போது இதிலிருந்து கிளைக்காலால்டிஹைடு உண்டாகி, வெள்ளி அயனியை வெள்ளியாக ஒடுக்குகிறது. கரைப்பானே ஒடுக்கியும் ஆகிவிடுவதுதான் இந்த முறையின் அழகு. அப்புறம் சில்வர் நைட்ரேட்டையும் பி.வி.பி.யையும் கிளைக்காலில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவோம்.

இப்போது கண்ணாடிக் குடுவையை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். முதலில் மஞ்சள் வரும். அது விதைகள், அதாவது துகள் வளரத் தொடங்கும் மிகச் சிறு படிகங்கள், பிறந்ததற்கு அடையாளம். குளோரைடு சேர்த்த முறையில் அந்த மஞ்சள் பிறகு வெளிறி, கரைசல் மறுபடி தெளிந்துவிடும். முதல் தடவை செய்பவர்கள் இந்த இடத்தில் "போச்சு சார்" என்று கொட்டிவிடுகிறார்கள். போகவில்லை. அங்கேதான் முக்கியமான வேலை நடக்கிறது.

பிறக்கும் விதைகள் எல்லாம் ஒரு ரகம் அல்ல. சிலது ஒற்றைப் படிகம். சிலதில் அணு அடுக்கு நடுவில் மடிந்து, கண்ணாடியில் பார்த்த பிம்பம் போல இரட்டையாக இருக்கும். ஐந்து துண்டு சேர்ந்த விதையும் உண்டு. இரட்டை விதைகளில் குறைபாடு அதிகம். காற்றின் ஆக்சிஜனும் குளோரைடும் சேர்ந்து அவற்றை முதலில் அரித்துக் கரைத்துவிடும். நாற்றங்காலில் களை எடுப்பது போல. மிஞ்சிய ஒற்றைப் படிக விதைகள் மேல் பி.வி.பி. 100 முகங்களைப் பிடித்துக்கொள்ள, கனசதுரம் வளரும்.

ஐந்து துண்டு விதை தப்பிப் பிழைத்தால் கனசதுரத்துக்குப் பதில் கம்பி வரும். அதன் பக்கங்கள் 100 முகம், அங்கே பி.வி.பி. அடைத்துக்கொள்கிறது. இரு முனைகளும் 111 முகம், திறந்தே கிடக்கின்றன. அணு வேறு எங்கே போகும்? முனையில்தான் சேரும். நீண்டுகொண்டே போய் மைக்ரோமீட்டர் கணக்கில் கம்பியாகிவிடும். குடுவையைச் சுழற்றினால் சாம்பல் கரைசலுக்குள் பட்டுத் துணி மடிப்பு போல ஒரு மினுமினுப்பு ஓடும். அதைப் பார்த்தால் கம்பி வந்துவிட்டது என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஆக, பாலிமர் மட்டும் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்பது பாதி உண்மை. விதை எது என்பது மீதிப் பாதி.

கட்டுரையில் உள்ளபடியே செய்தேன், வரவில்லை. ஏன்?

இது எனக்கும் நடந்தது. ஒரு தடவை கனசதுரம் அருமையாக வந்தது. அடுத்த வாரம் கிளைக்கால் தீர்ந்து வேறு பாட்டில் திறந்தோம். அளவு அதே, சூடு அதே. கிடைத்தது கலவையான குப்பை. மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். இந்த வேலையில் மில்லியனில் ஒரு பங்கு குளோரைடோ இரும்போ இருந்தாலும் விளைவு மாறும். ஆகவே ஒரே பாட்டிலில் தொடங்கி ஒரே பாட்டிலில் முடியுங்கள். கரைசலைக் கலக்கும் காந்தக் குச்சியை நைட்ரிக் அமிலத்தில் ஊறவையுங்கள். போன ஆண்டு அண்ணன்மார் செய்த வெள்ளி அதில் ஒட்டியிருக்கும்.

இன்னொன்று, கடலோரத்துப் பிள்ளைகளுக்கு. போர்வெல் தண்ணீரில் கழுவிய குடுவையை அப்படியே எடுத்து வராதீர்கள். சில்வர் நைட்ரேட் ஊற்றியதும் மோர் போல வெளுத்தால் அது நானோ துகள் அல்ல, சில்வர் குளோரைடு. குளோரைடு வேண்டுமென்றால் அளந்து நாமே சேர்ப்போம், கிணறு சேர்க்க வேண்டாம்.

பி.வி.பி. எவ்வளவு போடுவது? எந்த எடை வாங்குவது?

குறைவாகப் போட்டால் தொடக்கத்தில் கனசதுரமாக வளர்ந்து, துகள் பெரிதாகப் பெரிதாகப் பாலிமர் பற்றாமல், மூலைகள் மழுங்கி எண்முகியை நோக்கிப் போய்விடும். மிக அதிகமாகப் போட்டால் எல்லா முகமும் மூடப்பட்டு, தேர்ந்து பிடிக்கும் தன்மை போய் உருண்டை வரும். கடையில் கே-30 என்று கிடைப்பது ஏறத்தாழ 40,000 எடை. கம்பி வேண்டுபவர்கள் பொதுவாக நீளச் சங்கிலியைத் தேடுவார்கள். பொடி ஈரத்தை இழுக்கும். நம் ஊர் மழையில் மூடியைச் சரியாகத் திருகாவிட்டால் நீங்கள் எடை போடுவதில் ஒரு பங்கு தண்ணீர்.

"எனக்க மவ அப்படி என்னத்தத்தான் சாரே படிக்கா? ரப்பருக்கும் அதுக்கும் வல்ல சம்பந்தமும் உண்டா?"

குலசேகரம் பக்கத்தில் பால் வெட்டும் ஓர் அப்பா பெற்றோர் கூட்டத்தில் கேட்டது. அடிக்கடி வரும் கேள்வி இல்லைதான், ஆனால் எனக்குப் பிடித்த கேள்வி.

சம்பந்தம் உண்டு. சிரட்டையில் விழும் ரப்பர் பால், தண்ணீரில் மிதக்கும் கோடிக்கணக்கான ரப்பர் துளிகள். ஒவ்வொன்றின் மேலும் புரதமும் கொழுப்பும் சேர்ந்த மெல்லிய தோல். அந்தத் தோலில் உள்ள எதிர் (நெகட்டிவ்) மின்சுமை எல்லாவற்றிலும் ஒன்றே என்பதால் துளிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக நிற்கின்றன. பாலைத் தூரத்துக்கு அனுப்ப வேண்டுமென்றால் அம்மோனியா விட்டு அந்தத் தோலைக் காப்பாற்றுகிறார்கள். ஷீட் அடிக்க வேண்டுமென்றால் ஆசிட் விட்டு அந்தச் சுமையை அழிக்கிறார்கள், பால் உறைகிறது. யாரும் ஒன்றும் செய்யாவிட்டால் சிரட்டையிலேயே உறைந்து ஒட்டுப்பால் ஆகிறது.

உலோகத் துகளுக்கும் இந்தத் தோல் வேண்டும். வடிவம் கொடுப்பதற்கு முன்னால் பாலிமர் செய்யும் முதல் உபகாரம் இதுதான்: ஒன்றோடொன்று ஒட்டாமல் காப்பது. தங்கத் துகள் கலந்த சிவப்புக் கரைசலில் உப்பு விட்டால் துகள்கள் ஒட்டி நீலமாகிவிடும். கொஞ்சம் ஜெலட்டின் இருந்தால் சிவப்பு மாறாது. 1901-ல் சிக்மாண்டி இதை அளக்கவே தங்க எண் என்ற கணக்கைக் கொண்டுவந்தார். 10 மில்லிலிட்டர் தங்கக் கரைசலில் 1 மில்லிலிட்டர் 10 சதவீத உப்புக் கரைசல் விட்டும் நிறம் மாறாமல் காக்க எத்தனை மில்லிகிராம் பசை வேண்டும் என்பதே அது. 1925-க்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்த அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப ஒட்டுப்பால் ஆவாம பாத்துக்கிடதுதான் படிப்பு" என்றார். நான் எழுதியதைவிட இது நன்றாக இருக்கிறது.

எல்லோரும் இலைச்சாறில் செய்கிறார்களே, அது போதாதா?

உருண்டைத் துகள் செய்து கிருமி எதிர்ப்பு பார்க்க வேண்டுமென்றால் போதும். வடிவத்தைக் கட்டுப்படுத்த வேண்டுமென்றால், என் கருத்தில், பெரும்பாலும் போதாது. இலைச்சாறில் சர்க்கரை, புரதம், பாலிஃபீனால், பிசின் எல்லாம் கலந்து கிடக்கும். எது ஒடுக்கியது, எது முகத்தைப் பிடித்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. காலையில் பறித்த துளசியும் மாலையில் பறித்ததும் ஒன்றல்ல. முடிவுரையில் "தாவரப் பொருள்கள் துகளை மூடியிருக்கலாம்" என்று எழுதிவிட்டு எழுந்துவிடுகிறோம்.

விதிவிலக்கும் உண்டு. 2004-ல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரி குழு எலுமிச்சைப்புல் சாறில் தங்கத்தின் முக்கோணத் தகடுகளைச் செய்தது. புல்லைக் கொதிக்கவைத்த சாறில் முக்கோணம்! ஆகவே இலை வேண்டாம் என்று சொல்லவில்லை. வடிவம் கேட்கிறவர் அதன் காரணத்தையும் தேட வேண்டும் என்கிறேன்.

நம் மாவட்டத்தில் கிடைக்கும் பாலிமர் எதையாவது பயன்படுத்தலாமா?

குளச்சல், முட்டம் பக்கம் இறால் தோடும் நண்டு ஓடும் வீணாகப் போகின்றன. அதில் உள்ள கைட்டினிலிருந்து கைட்டோசான் எடுக்கலாம்; நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரையும், அதன் அமீன் தொகுதிகள் தங்கத்தையும் வெள்ளியையும் பிடிக்கும். பாறையில் ஒதுங்கும் பழுப்புக் கடற்பாசியில் ஆல்ஜினேட் உண்டு. கொல்லாமரத்துப் பிசினும் நல்ல காப்புப் பசைதான். மூன்றும் துகளை ஒட்டாமல் காப்பதில் கெட்டி. கூர்மையான மூலை வேண்டுமென்றால் இப்போதைக்குப் பி.வி.பி.க்கே என் ஓட்டு.

கனசதுரம் வந்ததா என்று எப்படித் தெரியும்? எங்களிடம் டி.இ.எம். இல்லை.

எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் இல்லாமல் வடிவத்தை அடித்துச் சொல்லக் கூடாது. ஆனால் அனுப்புவதற்கு முன் அனுப்பத் தகுந்ததா என்று பார்க்க, எந்த அலைநீள ஒளியைக் கரைசல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று வரைந்து காட்டும் யூ.வி. கருவி போதும். சிறிய வெள்ளி உருண்டை 400 நானோமீட்டர் பக்கத்தில் ஒற்றை மேடு காட்டும். கனசதுரம் என்றால் முக்கிய மேடு வலப்பக்கம் நகர்ந்து, 350 பக்கம் ஒரு சிறு தோளும் இருக்கும். கம்பி என்றால் 350, 380 பக்கம் இரட்டை மேடு.

எக்ஸ்ரே விளிம்பு விளைவில் (எக்ஸ்.ஆர்.டி.) ஒரு சின்னத் தந்திரம். தாமிரக் கதிரில் வெள்ளியின் 111 உச்சி 38.1 டிகிரியிலும் 200 உச்சி 44.3 டிகிரியிலும் வரும். சாதாரணமாக முதல் உச்சிதான் உயரம். கனசதுரங்களைக் கண்ணாடியில் காயவிட்டால் அவை பெட்டி போலத் தட்டையாக உட்கார்ந்துகொள்ளும். 200 உச்சி 100 முகத்துக்கு இணையான அடுக்குகளிலிருந்து வருவது என்பதால் அது எழும்பிவிடும். அது எழும்பியிருந்தால் பஸ் ஏறி டி.இ.எம். எடுக்கப் போகலாம். உச்சியின் அகலத்திலிருந்து படிகத்தின் அளவை மதிப்பிடும் ஷெரர் சமன்பாட்டில் வரும் எண்ணை மட்டும் வைத்து "என் துகள் கனசதுரம்" என்று எழுதி வராதீர்கள்.

இத்தனை பாடுபட்டு வடிவம் எதற்கு?

வடசேரி ஆசாரிமார் கையில் தங்கம் மஞ்சள். அதே தங்கம் 20 நானோமீட்டர் உருண்டையானால் கரைசல் சிவப்பு. நீண்ட தண்டானால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை உறிஞ்சிச் சூடாகும். அந்த ஒளி தசைக்குள் ஓரளவு புகும் என்பதால் புற்றுநோய்க் கட்டியைச் சுட்டழிக்க ஆராய்கிறார்கள். வெள்ளி உருண்டை மஞ்சள், முக்கோணத் தகடு நீலம். வெள்ளிக் கம்பிகளை வலைபோலப் பரப்பினால் ஒளியும் போகும் மின்சாரமும் போகும், தொடுதிரைக்கு ஆகும். வினையூக்கியில் வித்தியாசம் இன்னும் நுட்பம்: பென்சீனை ஹைட்ரஜனேற்றும்போது பிளாட்டினக் கனசதுரம் சைக்ளோஹெக்சேன் மட்டும் தருகிறது, இரு வகை முகமும் கலந்த துகள் சைக்ளோஹெக்சீனையும் சேர்த்துத் தருகிறது.

பி.வி.பி.யைக் கழுவி எடுக்க முடியுமா?

முழுவதும் முடியாது. அசிட்டோன் விட்டு வீழ்த்தி, எத்தனாலிலும் தண்ணீரிலும் பல தடவை சுழற்றினால் உபரி போகும். முகத்தில் ஒட்டியது கொஞ்சம் நிற்கும். வினையூக்கிக்கு இது தொல்லை, வடிவம் கொடுத்த கையே வாசலை அடைத்து நிற்கிறது. சூட்டில் எரிக்கப் போனால் மூலை உருகி உருண்டையாகும். ரொம்பக் கழுவினால் துகள்கள் ஒட்டிக்கொள்ளும்.

மிச்சக் கரைசலை வாஷ்பேசினில் ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள். வெள்ளி அயனி மீனுக்கும் பாசிக்கும் கடும் நஞ்சு. மிச்சத்தை ஒரு பழுப்புப் பாட்டிலில் சேர்த்து உப்புக் கரைசல் விடுங்கள், அயனியாக இருப்பது வெள்ளைக் குளோரைடாக அடியில் படியும். துகள் கலந்த பகுதியை எழுதி ஒட்டிய தனிப் பாட்டிலில் வைத்து ஆய்வக உதவியாளரிடம் ஒப்படையுங்கள். அம்மோனியா சேர்த்த வெள்ளிக் கரைசல் என்றால் மட்டும் நாளைக்கு என்று வைக்கவே கூடாது. கிடக்கக் கிடக்க வெடிக்கும் பொருள் அதில் உருவாகும். அன்றைக்கே நீர்த்த அமிலம் விட்டு முடித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.